பங்காளிக்குப் பெண்பால் என்ன?

(திருவண்ணாமலையில் பெண்கள் குழுக்களும் இலக்கிய நண்பர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் பெண்களின் சொத்துரிமை பற்றிப் பேசுகிறேன் என்றேன். கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர் சிரித்துவிட்டார். "அது சொத்து இருக்கறவன் பேச வேண்டிய பேச்சாச்சே, நம்மகிட்ட இன்னா இருக்குது?" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. தமிழ்நாட்டு மக்கள் தொகையில் ஐந்தில் ஒருவர் தலித். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்திய அளவில் சாகுபடி நிலப் பரப்பில் தலித்துகள் கையில் இருப்பது நூற்றுக்கு ஒன்பது பங்குகூடக் கிடையாது. அதே கணக்கெடுப்பில் எல்லாச் சாதியும் சேர்த்து பெண்கள் கையில் இருக்கிற சாகுபடிக் கைப்பற்றுகள் சுமார் 14 சதவீதம். இந்த இரண்டு கணக்கும் எங்கே வந்து முட்டிக்கொள்கிறதோ அங்கேதான் தலித் பெண் நிற்கிறாள்.

இன்னொரு பாதியைத் தோழர் பார்க்கவில்லை. சேரியில் சொத்தே இல்லையென்று சொல்ல முடியாது. நத்தத்தில் ஒரு மனை இருக்கிறது. ஒரு தொகுப்பு வீடு இருக்கிறது. சில பேருக்கு ஐம்பது சென்ட், எண்பது சென்ட் மானாவாரிக் கயினி இருக்கிறது. இந்தத் துண்டை நமக்குள் நாம் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்பதை இயக்க மேடைகளில் நாம் பேசியதே இல்லை. ஊர்க்காரன் நமக்குச் செய்வதைப் பேசியிருக்கிறோம், பேசியே ஆகவேண்டும். வீட்டுக்குள் அண்ணன் தங்கச்சிக்குச் செய்வதையும் பேசினால்தான் அந்தப் பேச்சுக்கு முழு யோக்கியதை வரும்.

'பங்காளி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பங்குக்கு உரியவன் என்று பொருள். அண்ணன் தம்பி பங்காளி, பெரியப்பன் மகன் பங்காளி, எப்போதும் பேசாத ஒன்றுவிட்ட சித்தப்பன் மகன்கூடப் பங்காளி. ஒரே வயிற்றில் பிறந்த அக்காவை யாராவது பங்காளி என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா? அந்தச் சொல்லுக்குப் பெண்பாலே கிடையாது. நிலம் பிரிக்கிற நாளில் உட்காருகிற பஞ்சாயத்துக்கு முன்பே மொழி தீர்ப்புச் சொல்லிவிட்டது.

சட்டமும் வெகுகாலம் இதைத்தான் சொன்னது. மிதாட்சரம் என்று ஒரு பழைய இந்து நூல். வெள்ளைக்காரன் அதைத்தான் தென்னாட்டுக்கும் சட்டமாக வைத்தான். மகன் பிறக்கும்போதே பூர்வீகச் சொத்தில் பங்கோடு பிறக்கிறான் என்பது அதன் அடிப்படை. மகளுக்கு அந்தப் பிறப்புரிமை இல்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937இல் வந்த சட்டம் விதவைக்கு ஒரு பங்கு கொடுத்தது, அதுவும் உயிரோடு இருக்கிற வரைக்கும் அனுபவிக்கலாம், விற்க முடியாது என்ற கட்டோடு. சுதந்திரம் வந்தபிறகு அண்ணல் அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். மகனுக்கு மட்டும் இருந்த அந்தப் பிறப்புரிமையை எடுத்துவிட்டு, மகளையும் வாரிசாக்குவது அதில் ஒரு முக்கியமான பகுதி. எதிர்ப்பு எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 1951 செப்டம்பரில் மந்திரி பதவியை விட்டு அவர் விலகினார், மசோதா கைவிடப்பட்டது முக்கியக் காரணம். அம்பேத்கர் படத்தை மாட்டாத வீடு நம் தெருவில் இல்லை. அவர் எதற்காகப் பதவியைத் தூக்கிப் போட்டாரோ அதை அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே நாம் செய்யாமல் இருக்கிறோம்.

1956 ஜூன் 17 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், வங்கிக்காரி புத்தி. ஒரு அப்பா, ரெண்டு மகன், ஒரு மகள், அம்மா இல்லை. பூர்வீக நிலம் 90 சென்ட். 1956 சட்டப்படி முதலில் அப்பாவும் இரண்டு மகன்களும் ஆளுக்கு 30 என்று பிரித்துக்கொண்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அப்பாவின் 30 சென்ட்டை மூன்று பிள்ளைகளுக்கும் பிரிக்க வேண்டும். மகனுக்கு 40, இன்னொரு மகனுக்கு 40, மகளுக்கு 10. தமிழ்நாடு இதை 1989இல் திருத்தியது. மகளும் பிறப்பிலேயே பங்காளி, ஆளுக்கு 30 என்றானது. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன்பே கல்யாணம் ஆகிப்போனவளுக்குக் கிடையாது என்றார்கள். நாடு முழுவதற்கும் 2005 செப்டம்பர் 9 முதல் வந்த திருத்தம் அந்தக் கல்யாணக் கணக்கையும் எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்தாரா என்று கேட்டுக் கேட்டுப் பெண்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தக் கேள்விக்கும் முடிவு கட்டியது. உரிமை பிறப்பால் வருவது, அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. 'அப்பவே வாயால பாகம் பிரிச்சிட்டோம்' என்று சொல்லித் தப்பிப்பதும் இனிச் சுலபமில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பத்திரமோ நீதிமன்ற ஆணையோ இருக்க வேண்டும். வாய்ப்பேச்சை அபூர்வமாகத்தான், அதுவும் அரசு ஆவணங்களின் ஆதரவு இருந்தால்தான் ஏற்பார்கள்.

இதெல்லாம் பூர்வீகச் சொத்துக்கு. நம்மில் எத்தனை பேருக்குப் பாட்டன் வழி பூர்வீகம் உண்டு? நம் குடும்பங்களில் இருக்கிற நிலம் பெரும்பாலும் அப்பன் பேருக்கு அரசாங்கம் கொடுத்த ஒப்படைப் பட்டா. அல்லது கல்லுடைத்து, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் அப்பன் கிரயம் வாங்கியது. இது அவருடைய சொந்தச் சொத்து. அவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் எல்லாருக்கும் சம பங்கு. இந்த விதி 2005இல் வந்ததல்ல, 1956லேயே வந்துவிட்டது. பூர்வீகக்காரன் வீட்டு மகள் சமப் பங்குக்காக 1989 வரை, 2005 வரை காத்திருக்க வேண்டி இருந்தது. ஒப்படைப் பட்டாக்காரன் மகளுக்கு 1956 முதலே சமப் பங்கு இருந்தது. அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. இந்த ஒரு சேதியை நீங்கள் கொண்டுபோனால் போதும், நான் கவிதை படிக்காமலே இறங்கிவிடுவேன்.

சரி, சட்டம் கொடுத்தது எங்கே போகிறது? என் கவுண்ட்டரில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

கணக்கு வைத்திருந்த ஒருவர் இறந்தால் பணத்தைக் கேட்டுக் குடும்பத்தார் வருவார்கள். நாமினி இருந்தால் அவரிடம் கொடுப்போம். அவர் வாங்கிக்கொள்ள உரிமையுள்ளவர்தான், பணம் முழுக்க அவருக்குச் சொந்தம் என்று ஆகாது. இது உச்சநீதிமன்றம் சொன்னது, வாங்குகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. நாமினி இல்லையென்றால் தாசில்தார் கொடுக்கிற வாரிசுச் சான்று வேண்டும். அதில் பேர் இருக்கிற எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். பங்கு வேண்டாம் என்கிறவர்களுக்குத் தனியாக ஒரு படிவம், 'என் பங்கை இன்னாருக்கு விட்டுக்கொடுக்கிறேன், எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று. அந்தப் படிவத்தில் அக்காவுக்காகக் கையெழுத்துப் போட்ட தம்பிகளை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். தம்பிக்காகக் கையெழுத்துப் போட்ட அக்காக்களுக்குக் கணக்கே இல்லை. "எங்கம்மா போடணும்?" என்று கேட்பார்கள். எதற்கு என்று கேட்பதில்லை. நான் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போடச் சொல்வேன். ஒருநாள் ஒரு அண்ணங்காரர், "இன்னா மேடம், குடும்பத்துல கலகம் மூட்டுறீங்களா?" என்றார். "எழுதியிருக்கறதத்தான் படிக்கிறேன்" என்றேன். அந்தம்மா படிவத்தையும் பார்த்தார், அண்ணனையும் பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நிலமென்றால் இதே வேலை சப்-ரிஜிஸ்டர் ஆபீசில் விடுதலைப் பத்திரம் என்ற பேரில் நடக்கிறது. விடுதலை! யாருக்கு எதிலிருந்து விடுதலை என்று அந்தப் பத்திரம் எழுதுகிறவர் யோசித்திருப்பாரா தெரியாது.

அந்தம்மா ஏன் போட்டார்? அறியாமை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது, நான் படித்துச் சொன்னேன். புருசன் அடித்தால் எங்கே போவது? பிரசவத்துக்கு எங்கே போவது? தீபாவளிக்கு ஒரு புடவை யார் எடுத்துத் தருவார்கள்? தாய்வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும். தன் பங்கைக் கொடுத்து அவள் அந்த வாசலை வாங்குகிறாள். அவள் பார்வையில் அது ஒரு வியாபாரம், முட்டாள்தனம் அல்ல. ஆனால் வாசலுக்குச் சாவி அண்ணன் கையில். இரண்டு வருசம் கழித்து அண்ணி முகம் சுளித்தால் வாங்கிய வாசலும் போயிற்று.

அந்த அண்ணி யார்? அவளும் எங்கேயோ ஒரு வீட்டின் மகள். அவளும் அவள் அண்ணனுக்கு ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள். பிறந்த வீட்டில் கொடுத்துவிட்டாள், புகுந்த வீட்டில் ஒன்றும் கிடையாது. புருசன் உயிரோடு இருக்கிற வரை மாமனார் சொத்தில் மருமகளுக்கு ஒரு சென்ட்டுகூடச் சட்டத்தில் இல்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தது. அதன்படி அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை உண்டு, வீடு மாமனார் பேரில் இருந்தாலும் அந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2020இல் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனால் குடியிருப்பது வேறு, சொந்தம் வேறு. மாமனாருக்கு முன்னால் புருசன் இறந்துபோனால்தான் மருமகள் வாரிசாகிறாள். மகன் இருந்திருந்தால் என்ன பங்கோ, அது அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் வரும். அதாவது தாலி கழற்றிய பிறகுதான் சட்டத்தின் கண்ணுக்கு அவள் தெரிகிறாள். அப்படித் தெரிந்த பிறகும், 'சின்ன வயசு, வேற எவனையாவது கட்டிக்கினு போயிடும்' என்று சொல்லித் துரத்துகிற வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். அதனால்தான் நாத்தனாரும் அண்ணியும் ஒரே அடுப்படியில் எலியும் பூனையுமாக இருக்கிறார்கள். ரெண்டு பேருமே வெறுங்கை. வெறுங்கைக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி பிறாண்டிக்கொள்வதை மாமியார் குணம், நாத்தனார் குணம் என்று நாம் கதை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

"அதான் சீர் செஞ்சிட்டோமே, நகை போட்டோமே, அதுதான் அவ பங்கு" என்பார்கள். அந்தப் பங்கு எங்கே வருகிறது தெரியுமா? எங்கள் நகைக் கடன் கவுண்ட்டருக்கு வருகிறது. மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து எடை போடுகிறார். விவசாயத்துக்கான நகைக் கடன் என்றால் வட்டி குறைவு, ஆனால் சிட்டா அடங்கல் வேண்டும். அடங்கல் யார் பேரில் இருக்கிறது? புருசன் பேரில், மாமனார் பேரில். நகை அவளுடையது, கடன் அவன் பேரில், விளைச்சல் அவனுக்கு. மழை பொய்த்தால் ஏல நோட்டீசு வருகிறது, அவள் 'பங்கு' ஏலத்தில் போகிறது, நிலம் அவன் பேரிலேயே இருக்கிறது. நிலமாகக் கொடுத்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் கரைந்திருக்காது. வருசத்துக்கு 6000 ரூபாய் தருகிற பிரதமரின் விவசாயி நிதியும் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் கணக்கில்தான் விழுகிறது. நடவு நடுகிறவள், களை பறிக்கிறவள், கதிர் அறுக்கிறவள் விவசாயி இல்லை.

நம் ஊர்க் கோயில் கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பவழக்குன்றில் அம்மன் தவம் இருந்து சாமி உடம்பில் இடப்பாகம் வாங்கினாள் என்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் அர்த்தநாரீசுவரர் வெளியே வந்து சில நிமிசம் ஆடிவிட்டு உள்ளே போகிறார், மலைமேல் தீபம் ஏற்றுகிறார்கள், லட்சக்கணக்கில் சனம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. உடம்பில் பாதி என்றால் கும்பிடுகிறோம். கயினியில் பாதி என்றால் 'பொட்டச்சிக்கு இன்னா திமிரு' என்கிறோம். அந்தப் பாதிகூட வருசத்துக்கு ஒருமுறைதான், சில நிமிசம்தான் வெளியே வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

சட்டத்தில் இன்னும் ஓட்டை இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே ஜவ்வாது மலையில் இருக்கிற மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கு இந்த 1956 சட்டம் பொருந்தாது. பட்டியல் பழங்குடியினரை விட்டுவிட்டுத்தான் அது எழுதப்பட்டது. 2022 டிசம்பரில் ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் இதை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று ஒன்றிய அரசைக் கேட்டது. இன்னொன்று, பிள்ளையில்லாத பெண் தானே சம்பாதித்த சொத்து. உயில் எழுதாமல் அவள் இறந்தால், புருசனும் இல்லையென்றால், அது புருசனுடைய வாரிசுகளுக்குத்தான் முதலில் போகும். திருமணமாகி மூன்று மாதத்தில் புருசனை இழந்து, மாமியார் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, தாய்வீட்டில் படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் வங்கிப் பணமும் சேமநிதியும் அவளைத் துரத்திய குடும்பத்துக்கே போயிற்று. 2009இல் உச்சநீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது, சட்டம் அப்படி இருக்கிறது என்று. அதனால் சம்பாதிக்கிற பெண்கள் எல்லாரும் உயில் எழுதிவையுங்கள். சாவைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் வீட்டையே பேசிவிட்டுப் போகக் கூடாது. என் அப்பா விட்டுப் போனது ஒப்படைப்பாக வந்த 80 சென்ட். நாங்கள் அம்மா, அண்ணன், அக்கா, நான், நாலு பேர். ஆளுக்கு 20. அண்ணன் கேட்டது ஒரு கையெழுத்துதான். "பேங்க்ல வேல பாக்கறவளுக்கு இருவது சென்ட் என்னாத்துக்குடி?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி மாதிரித்தான் இருந்தது. அண்ணன் கஷ்டப்படுகிறவர், என் படிப்புக்காக மூட்டை தூக்கியவர். ராத்திரியெல்லாம் யோசித்தேன். ஒன்று புரிந்தது. வங்கியில் வேலை பார்க்கிற மகனிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். இன்னொன்று, என் அக்கா. புருசன் இல்லாமல் ரெண்டு பிள்ளைகளோடு அந்த வீட்டிலேயே ஒரு ஓரத்தில் இருக்கிறாள். நான் போட்டால் மறுநாள் அவளும் போட்டாக வேண்டும். 'வேலைக்காரியே போட்டுட்டா, உனக்கு இன்னா?' என்பார்கள். என் கையெழுத்து என்னுடையது மட்டும் இல்லை. அண்ணனிடம் சொன்னேன்: "நீயே பயிர் வைண்ணா, விளைச்சல்ல ஒரு படி எனக்கு வேணாம். பட்டாவுல நாலு பேர் பேரும் ஏறட்டும்." ஆறு மாசம் பேசவில்லை. இப்போது பேசுகிறார், பழையபடி இல்லை. கூட்டுப் பட்டாவுக்கு மனு கொடுத்திருக்கிறோம். அக்கா மட்டும் ஒருநாள், "என் பேரு எழுதி ஆபீசுல பாத்தது ரேஷன் கார்டுக்கு அப்பறம் இப்பத்தான்" என்றாள்.

கடைசியாக இயக்கத் தோழர்களுக்கு. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் பறையர் மக்களின் நிலை பற்றி 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து வருசத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை போட்டும், அந்த நிலம் நம் கையை விட்டுப் போயிற்று. அதை மீட்கிற போராட்டத்தில் 1994 அக்டோபரில் காரணையில் போலீசு துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். அந்த மண்ணை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். கேட்கும்போது கூடவே ஒரு கேள்வி: மீட்கிற நிலத்துக்குப் பட்டா யார் பேரில்? நூறு வருசமாகக் கை மாறிப் போன நிலத்தில் ரேகை வைத்தவர்கள் பட்டாவில் பேர் இருந்தவர்கள், அதாவது ஆண்கள். கடனுக்கும் சாராயத்துக்கும் மிரட்டலுக்கும் பயந்து வைத்தார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. இரண்டு பேர் கையெழுத்து வேண்டியிருந்தால் எழுதி வாங்குவது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது என்கிறேன். நிலத்தைக் காப்பாற்றுவதற்கே பெண்ணின் பேர் வேண்டும். தாட்கோ வழியாக நிலமற்ற தலித் விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க மானியம் தருகிற நன்னிலம் திட்டம் 2023 முதல் இருக்கிறது. அதற்கு மனுப் போட எத்தனை பேரை நாம் கூட்டிக்கொண்டு போனோம்?

ஆகவே நான் கேட்பது மூன்று. நாம் வைக்கிற ஒவ்வொரு நிலக் கோரிக்கையிலும் புருசன் பெண்சாதி இருவர் பேரிலும் பட்டா என்று எழுத வேண்டும். இரண்டாவது, இந்தக் கூட்டத்தில் இருக்கிற ஆண் தோழர்கள் தங்கள் அப்பன் சொத்தின் சிட்டாவை எடுத்துப் பார்த்து, அதில் அக்கா தங்கச்சி பேர் இல்லையென்றால் தாசில்தார் ஆபீசுக்கு அவர்களே நடக்க வேண்டும். மூன்றாவது அம்மாக்களுக்கு. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், அண்ணனே நீட்டினாலும், "வீட்டுக்கு எடுத்துக்கினு போயி படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத் தரேன்" என்று சொல்லுங்கள். ஒருநாள் தாமதத்தால் எந்த அண்ணனும் கெட்டுப்போக மாட்டான்.

படிக்க ஆளில்லை என்றால் வேலை நாளில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் என் கவுண்ட்டருக்கு வாங்க. கூட்டம் குறைந்திருக்கும். நான் படித்துச் சொல்கிறேன்.

ஜெய்பீம்.